காசு மேசைக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி



கணக்காளரிடம் வரும் கேள்விகளுக்கும் பருவகாலம் உண்டு. ஜூன் மாதம் என்றால் வருமான வரி. ஒவ்வொரு காலாண்டும் முடிய, நாங்கள் ‘பாஸ்’ என்று சொல்லும் ஜி.எஸ்.ரி அறிக்கை. ஆனால் வருடம் முழுவதும் ஓயாமல் வரும் கேள்வி ஒன்று இருக்கிறது: “அண்ணை, விளம்பரத்துக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?” சென்ற மாதம் வானொலியில் இதைப் பற்றிப் பேசத் தொடங்கி, பாதியில் நேரம் முடிந்து பாட்டுப் போட்டுவிட்டார்கள். அன்று விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

சிட்னியின் மேற்குப் பக்கத்தில், வென்ற்வேர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி என்று போனால் நம்மவர்களின் கடைகள் பல இருக்கின்றன. பலசரக்கு, சாப்பாட்டுக் கடை, தையல், நகை, ரியூசன் வகுப்பு என்று பலவிதம். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இவை சின்னக் கடைகள். உள்ளே இருப்பவர்களுக்கு அப்படியில்லை. கடை வாடகை ஒப்பந்தத்தில் கம்பனியின் பெயர் இருந்தாலும், கீழே கணவனும் மனைவியும் தனிப்பட்ட உத்தரவாதம் கொடுத்துக் கையொப்பம் இட்டிருப்பார்கள். வங்கிக் கடனுக்கு வீடு ஈடாக இருக்கும். கடை சரிந்தால் வீட்டுக்கும் ஆபத்து. ஆகவே விளம்பரத்துக்குப் போகும் ஆயிரம் டொலர் எங்கே போகிறது, என்ன கொண்டுவருகிறது என்று பார்ப்பது கஞ்சத்தனம் அல்ல.

நான் வணிகமாணி படித்த காலத்தில் சந்தைப்படுத்தல் பாடத்தில் ‘நான்கு பி’ என்று ஒன்று படிப்பித்தார்கள். ஜெரோம் மக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1960 ஆம் ஆண்டு தன் பாடநூலில் வகுத்துத் தந்தது: பொருள், விலை, இடம், மேம்படுத்தல். ஆங்கிலத்தில் நான்குமே ‘பி’ என்ற எழுத்தில் தொடங்கும். விளம்பரம் என்பது அந்த நான்காவதுக்குள் வரும் ஒரு பகுதி மட்டுமே. நம்மவர்களிடம் சந்தைப்படுத்தல் என்று சொன்னால் நேரே விளம்பரத்துக்குப் போய்விடுவார்கள், அதிலும் தள்ளுபடி விளம்பரத்துக்கு. முதல் மூன்றையும் பார்க்க ஆள் இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஒரு கடையின் கதையைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். பலசரக்கும் சமைத்த சாப்பாடும் விற்கும் கடை. கணவனும் மனைவியும் காலை ஏழு மணியிலிருந்து இரவு எட்டரை வரை நிற்பார்கள். மாதாமாதம் வர்ணத் துண்டுப்பிரசுரம் அடித்துத் தபால்பெட்டிகளில் போட்டார்கள். பத்திரிகையில் அரைப் பக்கம் கொடுத்தார்கள். எல்லாப் பொருளுக்கும் 10 வீதம் தள்ளுபடி என்று பெரிய பதாகை வேறு. ஒன்பது மாதம் கழித்து என்னிடம் வந்து சொன்னது இதுதான்: “சனம் வருகுது அண்ணை, காசு நிக்குதில்லை.”

அதற்குக் காரணம் களவும் இல்லை, கண்ணூறும் இல்லை. கணக்குத்தான். அவர்களுடைய கொப்பியில் இருந்த இலக்கங்களைக் கொஞ்சம் உருட்டி, விளங்கக்கூடியதாகச் சொல்கிறேன். தள்ளுபடிக்கு முன் கிழமைக்கு 10,000 டொலர் விற்பனை. அதில் பொருட்களின் கொள்விலை 7,000. மிச்சம் 3,000 டொலர். அதுதான் மொத்த இலாபம். வாடகை, மின்சாரம், சம்பளம், வங்கித் தவணை எல்லாம் அந்த 3,000க்குள் இருந்துதான் போகவேண்டும். இப்போது எல்லாவற்றுக்கும் 10 வீதம் குறைக்கிறீர்கள். சனம் கூட வருகிறது. முன்பு 100 பொருள் போன இடத்தில் 120 போகிறது என்று வைத்துக்கொள்வோம். விற்பனை 10,800 ஆகிறது. கொள்விலையும் கூடி 8,400 ஆகிறது. மிச்சம் 2,400.

விற்பனை 8 வீதம் கூடியிருக்கிறது, மொத்த இலாபம் 20 வீதம் குறைந்திருக்கிறது. கிழமைக்கு 600 டொலர் போய்விட்டது. அதற்கு மேல் துண்டுப்பிரசுரச் செலவு. அதற்கு மேல் 120 பொருளையும் தூக்கி அடுக்கிய முதுகுவலி. பழைய 3,000 டொலரைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் எத்தனை பொருள் போகவேண்டும்? 150. அதாவது ஒன்றரை மடங்கு. 20 வீதம் தள்ளுபடி என்றால் மூன்று மடங்கு விற்க வேண்டும். ஒரு கடதாசியில் உங்கள் சொந்த இலக்கங்களை வைத்து இதைப் போட்டுப் பாருங்கள். இலாப வீதம் 30க்குக் குறைவாக உள்ள பலசரக்குக் கடையில் நிலைமை இன்னும் மோசம். அரிசி மூட்டையில் அந்த 10 வீதமே இருப்பதில்லை.

சரி, தள்ளுபடி வேண்டாம் என்றால் சனத்தை எப்படி வரவைப்பது? அதைத்தான் அவர்களும் கேட்டார்கள். நான் உடனே பதில் சொல்லவில்லை. இரண்டு டொலருக்கு ஒரு கொப்பி வாங்கிக் காசு மேசைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். இரண்டு கிழமை, அதாவது பதினான்கு நாள். புதிய முகம் யார் வந்தாலும் சிரித்த முகத்தோடு ஒரே ஒரு கேள்வி: “எங்கட கடையைப் பற்றி எப்படி அறிஞ்சியள்?” பதிலுக்கு ஒரு கோடு போடவேண்டும், அவ்வளவுதான். மறுபக்கத்தில் இன்னொரு பட்டியல். யாராவது ஏதாவது கேட்டு, “இல்லை” என்று நீங்கள் சொன்ன ஒவ்வொரு தடவையும் அதை எழுதவேண்டும்.

முதல் பக்கத்தில் 63 கோடுகள் விழுந்தன. சொந்தக்காரர், நண்பர், வேலைத்தலத்தில் ஒருவர் என்று யாரோ சொல்லி வந்தவர்கள் 34 பேர். தொலைபேசியில் கூகிள் வரைபடத்தைப் பார்த்து வந்தவர்கள் 13. கோயிலுக்குப் போய்வரும்போது பெயர்ப்பலகையைக் கண்டு நிறுத்தியவர்கள் 11. துண்டுப்பிரசுரத்தைப் பார்த்து வந்தவர்கள் 5 பேர். இந்தக் கணக்கு அரைக் கணக்கு என்பதும் எனக்குத் தெரியும். மனிதருக்கு எல்லாம் ஞாபகம் இருக்காது. துண்டுப்பிரசுரத்தை வீட்டில் கண்டுவிட்டு, பிறகு அக்கா சொல்லி வந்தவர் அக்காவைத்தான் சொல்லுவார். ஆனாலும் 34க்கும் 5க்கும் இடையில் உள்ள தூரத்தை ஞாபகமறதி மட்டும் நிரப்பாது.

மறுபக்கம்தான் அவர்களை உண்மையில் உலுக்கியது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் பிறகு “இடியப்பம் முடிஞ்சுது” என்று இரண்டு வெள்ளிக்கிழமைகளிலும் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது. வேலை முடிந்து ரயிலால் இறங்கி, வீட்டில் சமைக்க நேரமில்லாமல் வரும் சனம் அது. வாரத்தில் அவர்கள் தேடி வரும் ஒரே நாள் வெள்ளி. அன்றைக்குத்தான் சாமான் இல்லை. பின்னேரம் நான்கு முதல் ஆறு வரை தொலைபேசியை எடுக்க ஆளில்லை. கூகிளில் கடை திங்கட்கிழமை பூட்டு என்று காட்டியது. ஆனால் கடை திறந்தே இருந்தது, இரண்டு வருடமாக! இவை மூன்றையும் திருத்த ஒரு சதமும் செலவில்லை.

கூகிள் விடயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைக்கான கூகிள் பதிவு இலவசம். முன்பு அதற்கு வேறு பெயர், 2021 முதல் ‘கூகிள் பிசினஸ் புரொஃபைல்’ என்கிறார்கள். கடை உங்களுடையது என்று உறுதிப்படுத்திவிட்டால், திறக்கும் நேரம், தொலைபேசி எண், படங்கள் எல்லாவற்றையும் நீங்களே மாற்றலாம். பொது விடுமுறை நாட்களுக்குத் தனியாக நேரம் போடலாம். ஈஸ்டர் வெள்ளிக்கிழமை கடை திறந்திருக்கிறதா என்று தெரியாமல் வேறு கடைக்குப் போகும் சனம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? வருடத்துக்கு ஆறேழு தடவை, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிட வேலை. படம் போடும்போது கடையின் முன்பக்கமும், வாகனம் நிறுத்தும் இடத்தின் வாசலும் தெரியப் போடுங்கள். முதல் தடவை வருபவருக்கு உங்கள் குத்துவிளக்குப் படத்தை விட அது உதவும்.

இனி, திரும்பி வரும் வாடிக்கையாளரின் பெறுமதி. ஒரு குடும்பம் கிழமைக்கு 60 டொலருக்கு உங்களிடம் வாங்குகிறது என்று வையுங்கள். 30 வீதம் என்றால் கிழமைக்கு 18 டொலர் மொத்த இலாபம். வருடத்தில் 50 கிழமை வந்தால் 900 டொலர். வெள்ளிக்கிழமை இடியப்பம் இல்லாமல் இரண்டு தடவை வெறுங்கையோடு போன குடும்பம் மூன்றாவது தடவை வேறு கடைக்குப் போய்ப் பழகினால், உங்கள் கையை விட்டுப் போவது 12 டொலர் இடியப்பம் அல்ல, அந்த 900. மறுபக்கம், 1,500 டொலருக்குத் துண்டுப்பிரசுரம் அடித்துப் போட்டு, மலிவு அரிசிக்காக 40 பேர் வந்து, ஆளுக்கு இரண்டு டொலர் இலாபம் தந்துவிட்டுத் திரும்பி வராமல் போனால் கையில் 80 டொலர். அதே செலவில் இரண்டு குடும்பம் நிலையாக வந்தால் முதல் வருடத்திலேயே செலவு மீண்டுவிடும். ஆகவே, ஒரு விளம்பரத்தைப் பற்றி விற்பனையாளர் உங்களிடம் பேசும்போது “எத்தனை பேர் பார்ப்பார்கள்” என்று சொல்லுவார். நீங்கள் கேட்கவேண்டியது, எத்தனை பேர் இரண்டாந்தரம் வருவார்கள் என்று.

அந்தக் கடைக்காரர்கள் பிறகு செய்தது மிகச் சின்ன விடயம். வியாழக்கிழமை இரவு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி: “நாளைக்கு இடியப்பம், பிட்டு, மரக்கறி ரொட்டி. இரண்டு மணிக்கு முன் சொன்னால் எடுத்து வைப்போம்.” அவ்வளவுதான். படமில்லை, பாட்டில்லை. முதல் கிழமை பதினொரு பேர் பதில் போட்டார்கள். சில மாதத்தில் வெள்ளிக்கிழமைச் சமையலில் பாதிக்கு மேல் முன்கூட்டியே சொல்லப்பட்டதாகிவிட்டது. இதில் எனக்குப் பிடித்தது விற்பனை கூடியது மட்டும் அல்ல. எவ்வளவு அவிக்க வேண்டும் என்று மத்தியானமே தெரிந்ததால் இரவு குப்பையில் கொட்டுவது குறைந்தது. கொட்டாத சாப்பாடும் இலாபம்தான். எந்த விளம்பர நிறுவனமும் அதை உங்களுக்குச் சொல்லாது.

10 வீதத் தள்ளுபடியை ஒரே நாளில் எடுக்கவில்லை, பகுதி பகுதியாக எடுத்தார்கள். விற்பனை கொஞ்சம் இறங்கியது. அந்த மாதங்களில் மனைவிக்கு நித்திரை இல்லை என்று கணவர் சொன்னார். இரண்டு காலாண்டு கழிய மொத்த இலாபம் பழைய இடத்துக்கு வந்தது. வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஐந்து வருடத்துக்குக் கையொப்பம் இடாமல் மூன்று வருடத்துக்குப் பேசி எடுத்தார்கள். இதைப் பெரிய வெற்றிக் கதையாக நான் சொல்ல வரவில்லை. கடை நிற்கிறது, வீடு இருக்கிறது.

வட்ஸ்அப் பற்றிச் சில வார்த்தை. நம்மவர்கள் எல்லோரையும் ஒரு குழுவில் போட்டுவிடுகிறார்கள். குழுவில் போட்டால் ஒவ்வொருவருடைய தொலைபேசி எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் இது பிடிக்காது, பிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பிறகு யாரோ ஒருவர் காலை வணக்கம் போடத் தொடங்குவார், இன்னொருவர் அரசியல் போடுவார், மூன்றாம் நாள் பாதிப்பேர் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். குழுவுக்குப் பதிலாக ‘புரோட்காஸ்ட் லிஸ்ற்’ என்பதைப் பாவியுங்கள். ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகப் போகும். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். “எங்கட நம்பரைச் சேவ் பண்ணி வையுங்கோ” என்று காசு மேசையில் சொல்லத்தான் வேண்டும்.

இங்கே சட்டமும் உண்டு. 2003 ஆம் ஆண்டின் ஸ்பாம் சட்டம் அவுஸ்திரேலியாவில் 2004 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. மின்னஞ்சல், எஸ்.எம்.எஸ், உடனடிச் செய்தி எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். மூன்று நிபந்தனைகள்: பெறுபவருடைய சம்மதம் இருக்க வேண்டும், அனுப்புவது யார் என்று செய்தியில் தெரிய வேண்டும், வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி இருக்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னவரை ஐந்து வேலைநாட்களுக்குள் நீக்க வேண்டும். கோயில் அங்கத்தவர் பட்டியலையோ, பழைய மாணவர் சங்கப் பட்டியலையோ எடுத்து அனுப்புவது சம்மதம் ஆகாது. மச்சான் செயலாளராக இருந்தாலும் ஆகாது. கொப்பியில் பெயர், எண், சம்மதம் சொன்ன திகதி என்று மூன்றையும் எழுதிவைத்தால் போதும்.

தொடர்ந்து செய்யக்கூடியதைத்தான் தொடங்க வேண்டும் என்று நான் எல்லோருக்கும் சொல்வது வழக்கம். பேஸ்புக்கில் மூன்று கிழமை தினமும் படம் போட்டுவிட்டு எட்டு மாதம் சும்மா கிடக்கும் பக்கங்களை நான் கண்டிருக்கிறேன். ஏப்ரல் மாதத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் தீபாவளி வாழ்த்து நிற்கும். பார்ப்பவர் கடை பூட்டிவிட்டார்கள் என்றே நினைப்பார். அந்தப் பக்கம் இல்லாமலே இருந்திருக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல், வேலையாள் வரவில்லை, குளிரூட்டி பழுது என்று ஒரு கிழமை வருமே, அந்தக் கிழமையிலும் இருபது நிமிடத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை எதுவோ, அதைத் தெரிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் மேலதிகம். உங்கள் நேரத்துக்கும் விலை போடுங்கள். இரண்டு மணித்தியாலம் செலவழித்துக் காணொளி எடுக்கும் முதலாளி, அந்த நேரத்துக்குக் கடையில் இன்னொருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்.

நாட்காட்டி ஒன்றை வருடத் தொடக்கத்திலேயே போட்டு வைப்பது நல்லது. நம்முடைய சனம் என்ன வாங்கும் என்பதை நாட்காட்டி சொல்லிவிடும். கந்தசஷ்டி ஆறு நாளும் மச்சப் பக்கம் படுத்துவிடும், மரக்கறியும் பழமும் எழும்பும். நவராத்திரிக்குக் கடலையும் அவலும். தைப்பொங்கல் இங்கே பள்ளிக்கூட விடுமுறைக்குள் வருவதால் பல குடும்பங்கள் ஊருக்குப் போயிருக்கும். ஆகவே பொங்கல் பானைகளைத் தீபாவளிச் சாமான் அளவுக்கு இறக்கினால் அடுத்த வருடமும் அவை தட்டில் இருக்கும். ஒவ்வொரு பண்டிகைக்கும் பத்து நாள் முன்னதாக ஒரு செய்தி, மூன்று நாள் முன்னதாக இன்னொன்று. அதற்கு மேல் போனால் சனத்துக்கு அலுப்பு.

தள்ளுபடியே கூடாது என்று நான் சொல்லவில்லை. யாருக்கு, எதற்கு என்று தெரிந்து கொடுங்கள். பத்துச் சாப்பாட்டுப் பொதி வாங்கினால் பதினோராவது இலவசம் என்ற அட்டை கிட்டத்தட்ட 9 வீதத் தள்ளுபடிதான். ஆனால் அது பத்துத் தரம் வந்தவருக்கு மட்டும் கிடைக்கிறது, அதை எடுக்க அவர் மறுபடியும் வருகிறார், உங்களுக்குப் போவது பொதியின் கொள்விலை மட்டும். கண்ணாடியில் பழைய விலையை வெட்டிப் புதிய விலை எழுதும் பழக்கம் பற்றி ஒன்று: பழைய விலைக்கு நீங்கள் உண்மையாகவே நியாயமான காலம் விற்றிருக்க வேண்டும். விற்காத விலையை எழுதி வெட்டினால் அது அவுஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின்படி ஏமாற்றும் செயல். 2011 முதல் இந்தச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. பொய்யான விமர்சனங்களும் அதே கணக்குத்தான். சொந்தக்காரர் பதினைந்து பேரைப் பிடித்துக் கூகிளில் ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லாதீர்கள். உண்மையான வாடிக்கையாளரிடம், “நேரம் இருந்தால் நாலு வரி எழுதுங்கோ” என்று கேளுங்கள். கூடாமல் எழுதினாலும் இரண்டு வரியில் மரியாதையாகப் பதில் போடுங்கள். படிக்கிறவர்கள் குறையை விட உங்கள் பதிலைத்தான் கவனிப்பார்கள்.

தமிழர் அல்லாதவர்களையும் மறக்கக்கூடாது. மேற்குச் சிட்னியில் நம் கடை வாசலால் நேபாளிகளும் குஜராத்திகளும் பஞ்சாபிகளும் போகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதற்குப் பெயர் தமிழில் மட்டும் எழுதியிருந்தால், அல்லது எழுதாமலே இருந்தால், அவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பெயரை ஆங்கிலத்தில் எழுதி, கீழே ஒரு வரி: அரிசி மாவில் அவித்தது, மச்சம் இல்லை, உறைப்பு குறைவு. அதோடு கடலை, எள்ளு, பால், கோதுமை போன்றவை சேர்ந்திருக்கிறதா என்று யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியது சட்டக் கடமை. எழுதி வைத்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்துவிடும்.

கடை இல்லாத சேவைத் தொழில்காரர்களுக்கு, அதாவது தச்சுவேலை, தண்ணீர்க்குழாய் வேலை, தையல், விழாச் சமையல் செய்பவர்களுக்கு, நான் சொல்வது கொஞ்சம் வேறு. உங்களுக்குத் தொலைபேசிதான் கடை. தவறிய அழைப்புக்கு அன்றைக்கே திரும்ப எடுப்பது, கேட்ட மதிப்பீட்டை இரண்டு நாளுக்குள் எழுத்தில் அனுப்புவது, வேலை முடிந்து ஒரு கிழமையில் “எல்லாம் சரியாக இருக்கிறதா” என்று கேட்பது. இந்த மூன்றையும் ஒழுங்காகச் செய்பவருக்கு எங்கள் சமூகத்தில் வேலைக்குப் பஞ்சம் வந்ததை நான் காணவில்லை. மதிப்பீடு கேட்டுப் பிறகு பதிலே வராத வீட்டுக்காரர்தான் அடுத்த கலியாண வீட்டில் எட்டுப் பேருக்கு அதைச் சொல்லுவார்.

இனி நமது வானொலி. நான் இங்கே தொண்டனாக இருப்பவன், ஆகவே என் சொல்லைக் கொஞ்சம் தள்ளி வைத்தே கேளுங்கள். 1992 ஆம் ஆண்டின் ஒலி ஒளிபரப்புச் சேவைகள் சட்டத்தின்படி சமூக வானொலியில் விளம்பரம் என்று ஒன்று கிடையாது, அனுசரணை அறிவிப்புத்தான். அதுவும் ஒரு மணித்தியாலத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. அதனால் பத்திரிகையைப் போல நெரிசல் இல்லை. ஆனால் ஒரு மாதம் கொடுத்துவிட்டுப் பலன் பார்ப்பது வீண். கேட்பவர் மனதில் பதிவதற்கு நாள் எடுக்கும். ஆறு மாதத்துக்குக் கட்டுப்படியாகாது என்றால் தொடங்காமல் விடுங்கள். இதை எழுதியதற்கு எங்கள் அனுசரணைப் பொறுப்பாளர் என்னை முறைப்பார், பரவாயில்லை. வானொலியில் சொல்வதும் ஒரு செய்தியாக இருக்கட்டும். “தரமான பொருட்கள், நியாயமான விலை” என்று எல்லாரும் சொல்கிறார்கள். “வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு முன் எடுத்துச் சொன்னால் இடியப்பம் எடுத்து வைப்போம்” என்பது ஞாபகத்தில் நிற்கும்.

கோயில் திருவிழாவுக்கும் கலைவிழாவுக்கும் கொடுக்கும் காசு பற்றி நேயர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். நன்கொடையும் அனுசரணையும் வரிக்கணக்கில் ஒன்றல்ல. நன்கொடைக்கு வரிக்கழிவு கிடைக்க வேண்டுமானால், பெறும் அமைப்பு வரிச்சலுகைக்குரிய நன்கொடை பெறும் அமைப்பாக வரித்திணைக்களத்தில் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். கோயில்கள் பலவற்றுக்கு அது இல்லை. ஆனால் உங்கள் கடையின் பெயர் மலரிலோ பதாகையிலோ வருகிறது, அதற்காகத்தான் காசு கொடுக்கிறீர்கள் என்றால் அது விளம்பரச் செலவு, வியாபாரக் கணக்கில் கழிக்கலாம். அந்த அமைப்பு ஜி.எஸ்.ரி பதிவு உள்ளதாக இருந்தால் 1,100 டொலரில் 100 டொலரை அடுத்த பாஸில் திரும்ப எடுக்கலாம். நீங்களும் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். வருட விற்பனை 75,000 டொலரைத் தொட்டால் பதிவு கட்டாயம். சுவாமிக்கு என்று மனதாரக் கொடுப்பதைத் தனியாகக் கொடுங்கள், அதை விளம்பரம் என்று என்னிடம் கொண்டுவராதீர்கள்.

82 டொலர் 50 சதத்துக்கு மேற்பட்ட செலவுக்கு ஜி.எஸ்.ரி திரும்ப எடுக்க முறையான வரிப் பற்றுச்சீட்டு கையில் இருக்க வேண்டும். விழாக் குழுவினர் துண்டுக் கடதாசியில் “நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்” என்று எழுதித் தருவது போதாது. அவர்களுடைய ஏ.பி.என் இலக்கம், திகதி, என்ன சேவைக்கு, எவ்வளவு ஜி.எஸ்.ரி என்று கேட்டு வாங்குங்கள். கேட்பதற்கு வெட்கப்படுவது வழமை, ஆனால் விழாவுக்கு முன் கேட்டால் தருவார்கள், பிறகு கேட்டால் பொருளாளர் மாறியிருப்பார். பற்றுச்சீட்டுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாளில் அடித்த சீட்டு ஆறு மாதத்திலேயே வெளிறிவிடும், ஆகவே கிடைத்த அன்றே தொலைபேசியில் படம் எடுத்து, மாதத்தின் பெயரில் ஒரு கோப்புக்குள் போடுங்கள். கொப்பியையும் என்னிடம் வரும்போது கையோடு கொண்டுவாருங்கள்.